ராகு காலத்தில் வந்த விமானம்

தென்காசியில் எங்கள் வீட்டு வாசலில் நின்றால் குற்றால மலை முழுசாகத் தெரியும். அருவியில் தண்ணீர் விழுகிறதா இல்லையா என்று பல் தேய்த்துக்கொண்டே சொல்லிவிடலாம். போக மூன்று மைல். அந்த மூன்று மைலுக்காகத்தான் என் அண்ணன் ஒரு பஸ்ஸை விலைக்கு வாங்கினான்.

பஸ் என்றால் புதுசு இல்லை. செங்கோட்டை ரோட்டில் வருஷக்கணக்காக ஓடி, இனி ஓட முடியாது என்று முதலாளி கைகழுவிவிட்ட பஸ். அண்ணன் அதன் இருக்கைகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு இரண்டு கட்டில் போட்டான். ஸ்டவ் ஒன்று, அரிசிப் பானை ஒன்று, தண்ணீர்க் குடத்துக்கு ஒரு முக்காலி. ஜன்னலுக்கெல்லாம் மதினியின் பழைய சேலையைக் கிழித்துத் திரை. சீமையில் வெள்ளைக்காரர்கள் வாரக் கடைசியில் இப்படித்தான் வீட்டைச் சக்கரத்தில் ஏற்றிக்கொண்டு காட்டுக்குப் போகிறார்களாம். ஏதோ பத்திரிகையில் படம் பார்த்திருக்கிறான், பாவி. அவன் ஊரில் வக்கீல். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கறுப்புக் கோட்டைக் கழற்றினால் நாங்கள் மூட்டையைக் கட்ட வேண்டும். அவன், மதினி, நான். அம்மா இல்லாத வீடு என்பதால் நான் எப்போதும் மதினியின் முந்தானைக்குப் பின்னால்தான்.

அப்பா மட்டும் வரமாட்டார். “மூணு மைல்ல பட்டாசலும் முத்தமுமா அவ்வளவு பெரிய வீடு இருக்கு. அதப் பூட்டிட்டு பஸ்ஸுல போய்ச் சுருண்டு படுக்கானாம். இவன் வாதாடி எந்தக் கேஸு ஜெயிக்கும்?” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்வார்.

பஸ்ஸின் நெற்றியில் ‘செங்கோட்டை’ என்று எழுதியிருந்ததை அண்ணன் அழிக்கவில்லை. அழித்தால் பெயின்ட் உரிந்து அசிங்கமாகிவிடுமாம். விளைவு, நாங்கள் எங்கே வேகம் குறைத்தாலும் ஆள் ஏறிக்கொள்ளும். ஒருதரம் ஒரு பெரியம்மா கருவாட்டுக் கூடையோடு ஏறி என் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

“யம்மா, இது பஸ் இல்ல, எங்க வீடு” என்றாள் மதினி.

“வீடுன்னா எதுக்குத் தாயி ஓடுது?” என்றாள் அவள்.

வக்கீல் கேஸை விட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினான். அவளைச் செங்கோட்டையில் இறக்கிவிட்டுத்தான் திரும்பினோம். கட்டில் ஒரு மாசம் மணத்தது.

இதெல்லாம் பெரிசில்லை. பஸ்ஸின் பின்பாதியில் அண்ணன் ஒரு மேஜை போட்டு அதில் தன் ரேடியோவை வைத்திருந்தான். பாட்டுக் கேட்கிற ரேடியோ இல்லை, பேசுகிற ரேடியோ. அதற்குச் சர்க்காரில் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கியிருந்தான். கம்பியைத் தென்னை மரத்துக்கு மரம் கட்டி, பொத்தானை அழுத்திக்கொண்டு மைக்கில் பேசினால் எங்கேயோ இருக்கிற இன்னொரு லைசென்ஸ்காரருக்குக் கேட்கும். பேசி முடித்ததும் ‘ஓவர்’ என்று சொல்லிப் பொத்தானை விட வேண்டும். விட்டால்தான் அவர் பேசுவது நமக்கு வரும். லைசென்ஸ் இல்லாதவர்கள் வாயைத் திறக்கக் கூடாது என்று சட்டம். அதனால் மதினியும் நானும் பின்னால் உட்கார்ந்து காய் நறுக்குவதோடு சரி.

ஐந்தருவி போகிற வழியில் ஒரு தோப்பில்தான் எங்கள் முகாம். சாரல் காலத்தில் அங்கே எல்லாம் நமத்துப்போகும், ரேடியோ உள்பட. மதினி அதற்கு ஒரு வைத்தியம் கண்டுபிடித்தாள். பிள்ளை பெற்றவள் தலைமுடியைக் காயவைக்கிற மாதிரி சாம்பிராணிப் புகை போட்டு ரேடியோவை உலர்த்தினாள். அண்ணன் முதலில் குதித்தான். பிறகு அது வேலை செய்ததும் வாயை மூடிக்கொண்டான். குரங்குகளுக்குத்தான் வைத்தியம் இல்லை. அவன் முக்கியமாகப் பேசிக்கொண்டிருக்கும்போதுதான் ஒன்று வந்து கம்பியில் ஊஞ்சல் ஆடும்.

இப்படி அண்ணன் சனிக்கிழமை தவறாமல் பேசுகிற ஆள் ஒருவர் மெட்ராஸில் இருந்தார். பாளையங்கோட்டைப் பக்கத்துக்காரர், எங்களுக்குத் தூரத்துச் சொந்தம்கூட. அங்கே ஒரு கம்பெனியில் இன்ஜினீயர் வேலை. அண்ணன் அவர் முகத்தைப் பார்த்ததே கிடையாது. நாங்கள் அவரை ‘மெட்ராஸ்காரர்’ என்போம். இவ்வளவு செலவழித்து, மலை தாண்டி, நானூறு மைல் தாண்டிப் பேசுகிறார்களே, என்ன பேசுவார்கள் என்று நினைக்கிறீர்கள்?

“இங்கன சாம்பார்ல வெல்லம் போடுதான். தேங்காப்பால் சொதி சாப்பிட்டு எட்டு மாசம் ஆச்சு. ஓவர்.”

“இங்க இன்னைக்கு சொதிதான். ஓவர்.”

“நல்லா இருப்பீரா நீரு? ஓவர்.”

இதுதான் விஞ்ஞானம். ஒரு வருஷம் இதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன். கேட்டுக் கேட்டு, சனிக்கிழமை எப்போது வரும் என்று திங்கட்கிழமையே தோன்ற ஆரம்பித்துவிட்டது. அதை யாரிடம் சொல்ல? மதினியிடம் சொன்னேன். அவள் அடுப்பை விட்டுக் கண்ணை எடுக்காமல், “எனக்குத் தெரியாதாக்கும்!” என்றாள்.

மதினி அண்ணனிடம் சொல்ல, அண்ணன் ஜாதகத்தை வரவழைக்க, பொருத்தமும் இருந்தது. ஆனால் மெட்ராஸ்காரர் அந்த வருஷம்தான் இன்னொரு பைத்தியத்தைப் பிடித்துக்கொண்டார். ஒரு கிளப்பில் சேர்ந்து ஆகாய விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார். கற்றதோடு நில்லாமல், விமானத்துக்குள் சின்னதாக ஒரு ரேடியோவை வைத்து, மேலே போய்க்கொண்டே கீழே இருப்பவர்களோடு பேச ஆரம்பித்துவிட்டார். இதைக் கேட்டதும் அப்பா ஜாதகத்தை மடக்கித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“மேல போறவன் கீழ முழுசா வருவான்னு என்னலே நிச்சயம்? எம் பிள்ளைய தரையில நடக்கிறவனுக்குத்தான் குடுப்பேன்.”

தரையில் நடக்கிறவர் ராயகிரியில் இருந்தார். நிலபுலம் உள்ள குடும்பம், ஒரு குறை சொல்ல முடியாது. நல்லவர் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் அவர் குரலை நான் கேட்டதில்லையே! ஆடி பிறப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பூ வைக்க வருவதாகப் பேச்சு முடிந்தது. பூ வைத்துவிட்டால் அப்புறம் கதை முடிந்தது.

அண்ணன் அப்பாவின் காலில் விழாத குறை. ஒரே ஒருதரம் பையனைப் பாருங்கள், சனிக்கிழமை விமானத்திலேயே வந்துவிடுவான் என்றான். அப்பா யோசித்தார். நடக்கப்போவதில்லை என்ற தைரியத்தில் ஒரு வார்த்தை கொடுத்தார்.

“சரிலே. ஆகாசத்துல இருந்து அவன் எங்கிட்ட நாலு வார்த்தை பேசட்டும். பேசிட்டான்னா ராயகிரிக்கு ஆள் அனுப்பி வர வேண்டாம்னு சொல்லிருதேன். பேசலையா, மறுநாள் நீதான் அவங்களுக்கு வாசல்ல நின்னு பன்னீர் தெளிக்கணும்.”

சனிக்கிழமை காலையில் பஸ்ஸை இலஞ்சிக்கு அந்தப் பக்கம் ஒரு பொட்டல் ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தினோம். பொட்டல்தான் விமானம் இறங்க. மெட்ராஸ்காரர் முந்தின நாளே திருச்சி வரை வந்து தங்கிவிட்டார். விடிந்ததும் கிளம்பி ஒன்பது மணிக்கு முன்னால் வந்துவிட வேண்டியது. பொட்டலில் ஆடு மாடு இல்லை, இறங்கலாம் என்று கீழே இருந்து அண்ணன் சொன்ன பிறகுதான் இறங்குவது என்று ஏற்பாடு. ஒன்பது மணி எதற்கு என்றால், சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகு காலம்.

அப்பா வில்வண்டியில் வந்தார். முதன்முதலாகப் பஸ்ஸுக்குள் ஏறினார். கட்டிலை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்து, இடுப்பிலிருந்து கடிகாரத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். அண்ணன் மைக்கில் கூப்பிட்டான், கூப்பிட்டான், பதிலே இல்லை. ஆரியங்காவு கணவாய் வழியாக அன்றைக்கு ஒரு காற்று அடித்தது பாருங்கள், நடக்கிறவன் வேட்டி அவனுக்கு முன்னால் ஊர் போய்ச் சேரும். அந்தக் காற்றை எதிர்த்து விமானம் வர வேண்டும். நான் எனக்குத் தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். இலஞ்சி முருகனுக்கு என்னவெல்லாம் செய்வதாகச் சொன்னேன் என்பது இப்போது எதற்கு?

அப்பா கடிகாரத்தை டப்பென்று மூடினார். “ஒம்பதாச்சு. முடிஞ்சுது.”

அவர் வாயை மூடவில்லை, ரேடியோ கரகரத்தது.

“ஹலோ, ஹலோ. அண்ணாச்சி, காத்து கொன்னுட்டு. வந்துட்டேன். ஊரு தெரியுது. கேக்குதா? ஓவர்.”

அதே குரல். அண்ணன் பாய்ந்து பொத்தானில் கை வைத்தான். அப்பா தன் கைத்தடியை அவன் மணிக்கட்டின் மேல் வைத்தார்.

“தொடாதலே. ராகு காலம்.”

“அப்பா! அவன் மேல வந்துட்டான்!”

“வரட்டும். இது சம்பந்தப் பேச்சு. முதப் பேச்ச ராகு காலத்துல ஆரம்பிக்கச் சொல்லுதியா? பத்தரைக்குப் பேசுவோம். அது வரைக்கும் நிக்கட்டும்.”

“ஆகாசத்துல நிக்க முடியாதுப்பா, சுத்திக்கிட்டே இருக்கணும்!”

“சுத்தட்டும். நாம கோயிலச் சுத்துதோம்லா?”

வெளியே போய்த் துண்டையாவது ஆட்டுகிறேன் என்று அண்ணன் எழுந்தான். கையை ஆட்டினாலும் பேச்சு பேச்சுதான் என்று அப்பா மறுபடியும் தடியால் அவன் கையை அமுக்கி உட்காரவைத்துவிட்டார். கோர்ட்டில் இவனை எதிர்த்து அப்பா நின்றிருந்தால் எல்லாக் கேஸும் அப்பாவுக்குத்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையில் இருந்த வெண்டைக்காயை மூன்று துண்டாக ஒடித்தேன்.

விமானம் தலைக்கு மேல் உறுமிக்கொண்டு ஒரு சுற்று வந்தது. பஸ் கூரை அதிர்ந்தது. “ஹலோ. கேக்குதா? ஓவர்.” இன்னொரு சுற்று. “ஹலோ? ஓவர்.” இப்படியே கொஞ்ச நேரம். பிறகு அவர் ஒரு பெருமூச்சு விட்டார். அதுகூடக் கேட்டது. பழக்கத்தில் பொத்தானை அழுத்தியே வைத்திருந்தார் போலிருக்கிறது.

“சரி, ஒண்ணும் போய்ச் சேரல போலிருக்கு. நம்ம பெட்டி அவிஞ்சு போச்சு. போகட்டும். அதுக்குள்ள மாமாகிட்ட பேச வேண்டியதையாவது ஒத்திகை பாத்துக்கிடுவோம்.”

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“மாமா அவர்களுக்கு வணக்கம். அடியேன்... சீ, அடியேன் வேண்டாம், கோயில் பட்டர் மாதிரி இருக்கு. மாமா, நான் குடிக்க மாட்டேன், சீட்டாட மாட்டேன்... இத எதுக்கு நானாச் சொல்லணும்? சொன்னா சந்தேகம் வந்துரும். மாமா, விமானங்கிறது மாட்டு வண்டிய விட பத்திரம். ஏன்னா மேல மாடு குறுக்க வராது. இது நல்லா இருக்கு.”

மதினி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அப்பாவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மீசை மட்டும் ஒருதரம் அசைந்தது.

“அண்ணாச்சி, நீரு சொன்னீரே, எங்கப்பா கரடி, ஆனா கடிக்காது, உறுமும் அவ்வளவுதான்னு. கரடிகிட்ட எப்படிப் பேசணும்னு எனக்கு யாரும் சொல்லித் தரலையே.”

அப்பா மெதுவாகத் திரும்பி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் கூரையைப் பார்த்தான். எனக்கு உயிரே போய்விட்டது. போச்சு, எல்லாம் போச்சு, நாளைக்கு ராயகிரி என்று நினைத்துக்கொண்டேன்.

மேலே அவர் ஒரு பாட்டை ஆரம்பித்தார். சுருதி என்றால் என்னவென்று கேட்கிற ரகம். பாதியில் நிறுத்திவிட்டு வேறு குரலில் பேசினார்.

“மலையில மேகம் எறங்குது. பதில் இல்லாம எறங்கக் கூடாதுன்னு பேச்சு. சீக்கிரம் திரும்பினாத்தான் மதுரைக்குப் பெட்ரோல் காணும். இன்னும் ஒரு சுத்து சுத்திட்டுப் போயிருதேன்.” கொஞ்சம் கரகரப்பு. “அண்ணாச்சி, இது உமக்குக் கேக்காதுன்னுதான் சொல்லுதேன். நீரு ஒவ்வொரு சனிக்கிழமையும் பேசும்போது உமக்குப் பின்னால ஒரு பிள்ளை சிரிக்கும். நான் சொதின்னதும் சிரிக்கும். சாம்பார்ல வெல்லம்னதும் சிரிக்கும். அந்தச் சிரிப்ப வாங்கத்தான் வாராவாரம் என்னத்தையாவது உளறிக்கிட்டு இருந்தேன். அது யாரு, எப்படி இருக்கும், ஒண்ணும் தெரியாது. அதுதான் உம்ம தங்கச்சின்னு பிறகு நீரு சொன்னீரு. நாளைக்கு அது வேற வீட்டுக்குப் போகப் போகுது. நல்லா இருக்கட்டும். அங்கயும் சிரிக்க விடுவாங்கன்னா சரிதான். நான் வாறேன். ஓவர்.”

கேட்கிறவர் யாரும் இல்லை என்று நினைத்த பிறகும் அந்த மனுஷன் ‘ஓவர்’ சொன்னார். அந்த ஒரு வார்த்தையில்தான் எனக்கு என்னமோ ஆகிவிட்டது.

நான் எழுந்தேன். அப்பாவின் தடி அண்ணன் கையின் மேல்தான் இருந்தது. என் கையின் மேல் யாரும் தடி வைக்கவில்லை. மைக்கைப் பிடுங்கினேன், பொத்தானை அழுத்தினேன்.

“போகாதீங்க! எல்லாம் கேக்குது!” என்று கத்தினேன். அப்புறம் ஞாபகம் வந்து, “ஓவர்” என்றேன்.

ஜன்னல் வழியாகப் பார்த்தால் விமானம் ஒருதரம் சாய்ந்து, தடுமாறி, நிமிர்ந்தது.

“எல்லாம்னா... எல்லாமுமா? ஓவர்.”

“எல்லாமுந்தான். கரடியும் இங்கனதான் உக்காந்து கேட்டுக்கிட்டு இருக்கு. ஓவர்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. மதினி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அப்பா எழுந்தார். பஸ் கூரை தாழ்வு என்பதை மறந்து டணாரென்று தலையை இடித்துக்கொண்டார். அது வேறு.

“ஏட்டி! ராகு காலத்துல வாயத் தொறந்துட்டியேட்டி! லைசென்ஸும் இல்ல, நல்ல நேரமும் இல்ல!” என்று உறுமினார். உச்சந்தலையைத் தேய்த்துக்கொண்டார். பிறகு, “வாயத் தொறந்தாச்சு. இனிமே பத்தரை என்ன, பன்னெண்டரை என்ன? கொண்டா அத” என்று என் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டார்.

“ஏலே! கரடி பேசுதேன்!”

மைக் இல்லாமலே மேலே கேட்டிருக்கும்.

“பெட்ரோல் இருக்கா இல்லையாலே? பதில் சொல்லு! ஏலே! ஒன்னத்தான் கேக்கேன்! வாயில என்ன கொழுக்கட்டையா?”

“அப்பா, பொத்தான விட்டாத்தான் அவன் பேச முடியும்” என்றான் அண்ணன்.

அப்பா பொத்தானை விட்டார். “...இருக்கு மாமா, கொஞ்சம் இருக்கு, மன்னிக்கணும் மாமா, அண்ணாச்சிதான் கரடின்னு...” என்று பாதியிலிருந்து வந்தது.

அப்பா மறுபடியும் அழுத்தினார். “அதெல்லாம் கீழ வந்து பேசு. மொதல்ல எறங்கு. பொட்டல்ல ஆடு மாடு ஒண்ணும் கிடையாது. மெதுவா, பாத்து எறங்கு. பாத்து வாடே, பாத்து.” கடைசியில் ‘பாத்து’ சொன்னபோது உறுமல் இல்லை. அந்தக் குரலில் அப்பா பேசி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

விமானம் பொட்டலில் தொட்டது, எழும்பியது, தொட்டது, எழும்பியது. புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஓடி, வேலிக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் நின்றது. இலஞ்சியில் பாதி ஊர் எங்கிருந்தோ வந்துவிட்டது. பெண்கள் இடுப்பில் குடத்தோடு, ஆண்கள் மண்வெட்டியோடு. பூமியைப் பிளந்துகொண்டு வந்தார்களா என்ன, தெரியவில்லை.

அவர் இறங்கி வந்தார். முகம் முழுக்க எண்ணெய்க் கறுப்பு. காற்றில் உதடு வெடித்திருந்தது. நேராக வந்து அப்பாவின் காலில் விழுந்தார். அப்பா தூக்கி நிறுத்தி, முதுகில், தோளில், கையில் தட்டிப் பார்த்தார், எங்கேயும் உடைந்திருக்கிறதா என்று சோதிக்கிறவர் மாதிரி. “முழுசாத்தாம்லே வந்திருக்கான்” என்று அண்ணனிடம் சொன்னார். அப்புறம் வண்டிக்காரனைக் கூப்பிட்டு, “ராயகிரிக்குப் போகணும். மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டுக் கெளம்பு. என்ன சொல்லணும்னு நான் சொல்லுதேன்” என்றார்.

மெட்ராஸ்காரர் சுற்றிலும் பார்த்தார். பார்த்துப் பார்த்து முழித்தார். எதிரே மதினி, மதினிக்குப் பக்கத்தில் நான், எங்களைச் சுற்றி என் வயசில் ஏழெட்டுப் பெண்கள். அவருக்கு முகம் தெரியாது அல்லவா! ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். என்னையும் பார்த்தார், தாண்டிப் போனார், திரும்பி வந்தார். நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லத் துப்பில்லாமல் பெருவிரலால் தரையைக் கீறிக்கொண்டு நின்றேன். மைக்கில் கத்தின வாய் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

அண்ணன் வாயைத் திறந்தான். அதற்குள் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

“சிரிச்சுத் தொலையேன்ட்டி!” என்று ஊர் கேட்க ஒரு அதட்டுப் போட்டார். “அந்தப் பய எவ்வளவு நேரம்தான் முழிச்சுக்கிட்டு நிப்பான்?”

வருஷம் முழுக்கச் சும்மா சும்மா வந்த சிரிப்பு அப்போது பார்த்து வரவில்லை. முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டு நான் ஓவென்று அழுதேன். அந்தப் பக்கம் அவர்தான் சிரித்தார்.